தங்குகிறவர் ஊற்றும் தண்ணீர்

2018 மார்ச் 5, திங்கள்

லூபோ இன்றும் வாய் திறக்கவில்லை. மோட்டார் சைக்கிள் வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன் என்று அவனிடம் சொல்லி எட்டு நாள் ஆகிறது. அன்று "உன் இஷ்டம்" என்றான். சொல்லிவிட்டு எழுந்துபோய் பீன்ஸ் சூப்பில் உப்புப் போட்டான். நான் ஏற்கெனவே போட்டிருந்தேன். உப்புக் கரித்த சூப்பை இரண்டு பேரும் கடைசிச் சொட்டுவரை குடித்தோம்.

உன் இஷ்டம் என்றால் சரி என்றா, வேண்டாம் என்றா? இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க வருகிறவர்கள் கண் முன்னால் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா இருக்கா, முன்னாடி வெச்சது தெளிவா இருக்கா?" என்று கேட்கிறேன். என்னையும் யாராவது உட்காரவைத்துக் கேட்டால் தேவலை.

மார்ச் 9, வெள்ளி

பக்கத்து வீட்டு ஸ்தாங்காவுக்கு விஷயம் எட்டிவிட்டது. அப்படியென்றால் கப்ரோவோ முழுக்க எட்டிவிட்டது. பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள், ஊரில் அவளுக்குத் தெரியாத ஆளே கிடையாது. வேலிக்கு மேலே சிகரெட்டோடு தலையை நீட்டினாள்.

"நாப்பத்தாறு வயசுல மோட்டார் சைக்கிளா? அடியே நெவேனா, இந்த வயசுல அவளவ ரகசியமா ஆள் பாப்பா. நீ வண்டி பாத்திருக்க!"

"வண்டி திருப்பிப் பேசாது ஸ்தாங்கா."

"லூபோ என்ன சொல்றான்?"

"உன் இஷ்டம்னான்."

"அப்ப நீ தொலஞ்ச, போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இது நல்லதுக்குச் சொன்னதா, என்ன எழவோ.

மார்ச் 18, ஞாயிறு

முதல் வகுப்பு. இரண்டு முறை விழுந்தேன், இரண்டும் நின்ற இடத்திலேயே. பயிற்சியாளர் சாங்கோ ஓர் ஆரஞ்சுக் கூம்பைக் காட்டி, "இதுல முட்டக்கூடாது" என்றார். நான் அதையே பார்த்துக்கொண்டு போய் அதிலேயே முட்டினேன்.

"கூம்பைப் பாத்தா கூம்புக்குத்தான் போவீங்க. கண்ணு போற எடத்துக்குத்தான் வண்டி போகும். தாண்டிப் பாருங்கம்மா, தாண்டி!"

ஐந்தாவது சுற்றில் தாண்டிப் பார்த்தேன். வண்டி தானாக வளைந்தது. அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுத! பல் தெரியச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். ஹெல்மெட்டுக்குள் யார் பார்க்கப்போகிறார்கள்.

வீட்டில் லூபோ என் முழங்காலைப் பார்த்தான். "இங்க வலிக்குதா? இங்க?" என்று விரலால் அழுத்தினான். ஆஸ்பத்திரியில் இருபத்துநாலு வருஷமாக எக்ஸ்ரே எடுக்கிறவன், எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும்.

ஏப்ரல் 12, வியாழன்

எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டேன்.

அதைவிடப் பெரிய சேதி: காலையில் கிளம்பும்போது லூபோ செம்புக் குடுவையோடு வாசலில் நின்றான். தண்ணீரில் ஒரு கொத்து ஜெரேனியம் பூ. நிலைப்படிக்கு வெளியே சளப்பென்று ஊற்றினான். நான் அதைத் தாண்டிப் போனேன். "தண்ணி ஓடற மாதிரி காரியம் ஓடட்டும்" என்றான், எங்கள் ஊர் வழக்கப்படி. எங்கள் மகள் யோவா ஒவ்வொரு பரீட்சைக்குக் கிளம்பும்போதும் இதைச் செய்திருக்கிறான். அவள் ஹாலந்துக்குப் படிக்கப் போன அன்று டாக்ஸியின் சக்கரத்தையே நனைத்துவிட்டான். பித்தப்பை ஆபரேஷனுக்கு நான் போனபோதும் ஊற்றினான். மோட்டார் சைக்கிள் பரீட்சைக்கு ஊற்றுவான் என்று நான் நினைக்கவே இல்லை.

பஸ் நிறுத்தம்வரை என் செருப்பு ஈரம். கழற்றித் துடைக்க மனசு வரவில்லை.

மே 16, புதன்

ஓட்டும் பரீட்சையும் தேறியாச்சு! இன்றும் ஊற்றினான். திரும்பி வந்தால் மேஜைமேல் பனிட்சா, அவனே மாவு விரித்துச் சீஸ் வைத்துச் சுட்டது. ஒரு பக்கம் கருகியிருந்தது. கருகியதை அவன் எடுத்துக்கொண்டான்.

அப்படியானால் சம்மதம்தானே? கேட்கலாம். கேட்டால் "உன் இஷ்டம்" என்பான். கேட்கவில்லை.

மே 27, ஞாயிறு

வண்டி வந்துவிட்டது. இருநூற்றைம்பது சிசி, பச்சை, என் மகளைவிடக் கொஞ்சம்தான் இளசு. முற்றத்தில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே நிறுத்தினேன். லூபோ ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். "ஹெல்மெட் நல்லதுதானே?" என்று கேட்டான். உள்ளே போனான்.

முதல் ஓட்டத்துக்குக் கிளம்பினேன். இன்ஜினைப் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். இப்போது குடுவையோடு வருவான், இதோ வருவான்... ஜன்னல் திரை அசைந்தது. கதவு திறக்கவில்லை. வறண்ட படியிலிருந்து வறண்ட கல்லுக்கு வண்டியை உருட்டிக்கொண்டு போனேன்.

திரும்பி வந்ததும் கேட்டேவிட்டேன். "பரீட்சைக்கு ஊத்துன, இதுக்கு ஏன் ஊத்தல?"

"பரீட்சை வேற, ரோடு வேற."

என்ன வேற? ரோட்டுக்குத்தானேடா பரீட்சையே!

ஜூன் 3, ஞாயிறு

இன்றும் தண்ணீர் இல்லாமல்தான் கிளம்பினேன். ட்ரியாவ்னா வரை போய் வந்தேன். வேலியில் ஸ்தாங்கா.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு சொட்டு இல்ல. மனுஷன் இப்படியா இருப்பான்?"

"நீ ஊத்தேன்."

"ஐயோ, முறையில்ல. வீட்டுல தங்கறவங்கதான் ஊத்தணும். உன் வீட்டுல ஆம்பள ஒருத்தன் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கறப்ப நான் ஊத்துனா, ஊர் என்னப் பாத்துத்தான் சிரிக்கும்."

முறையாம். இவள் மட்டும் எல்லாவற்றையும் முறைப்படியா செய்தாள்? மூன்று கல்யாணம்.

ஜூன் 14, வியாழன்

சண்டை. நல்ல சண்டை. ஷிப்கா கணவாய் ஏறி அந்தப் பக்கம் கசன்லக் வரை போகப்போகிறேன் என்றேன். வளைவு வளைவாக ஏறும் ரோடு, இந்தப் பக்கத்து மோட்டார் சைக்கிள்காரர்கள் எல்லாரும் போகிற இடம். லூபோ முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஏன் நெவே?"

"ஏன்னா?"

"கார் இருக்கு. பஸ் இருக்கு. கசன்லக்ல உனக்கு யாரும் இல்ல. ஏன்?"

எனக்குப் பதில் வரவில்லை. அதுதான் கோபமே. கத்தினேன். "நீ ஒரு தடவயாவது வேண்டாம்னு சொல்லித் தொலையேன்! அப்பயாவது சண்ட போட ஒரு எடம் கெடைக்கும்!"

அவன் கத்தவில்லை. மெதுவாகச் சொன்னான். "ஷிப்கா வளைவுலேருந்து வர்றவங்களத்தான் ஞாயித்துக்கிழமை டியூட்டின்னா படுக்கவெச்சுப் படம் எடுக்கறேன். உன் மூஞ்சி எப்படியிருக்கும்னு எனக்குத் தெரியும். உன் எலும்பு எப்படியிருக்கும்னு தெரிய வேண்டாம்."

எழுந்து போய்விட்டான். தட்டில் பாதி அப்படியே.

ஜூன் 15, வெள்ளி

ஏன்? — தெரியவில்லை. ஏன் என்று தெரியாமல் ஒன்று வேண்டியிருக்கக்கூடாதா?

ஜூன் 24, ஞாயிறு

யோவா போனில் பேசினாள். "அம்மா, நீ வண்டிய எடுத்தா அப்பா எனக்கு போன் பண்றாரு தெரியுமா? 'கெளம்பிட்டா'ம்பாரு. நீ வந்ததும் 'வந்துட்டா'ம்பாரு. அவ்வளவுதான், வெச்சிடுவாரு."

என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவன் ஹாலந்துக்கு அறிக்கை கொடுக்கிறான். இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா? இரண்டும். எது முன்னால் வந்தது என்று தெரியவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

இடது கையால் எழுதுகிறேன். வலது மணிக்கட்டு உடைந்தது. நேற்று.

ஜூலை 10, செவ்வாய்

எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. இருக்கட்டும். எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

சனிக்கிழமை காலை ஷிப்காவுக்குக் கிளம்பினேன். ஜாக்கெட், கையுறை, எல்லாம். பந்தலிலிருந்து வாயில்வரை எங்கள் முற்றம் சரிவு, பழைய பலகைக் கற்கள், அறுபது வருஷம் கால் பட்டு வழுவழுவென்றிருக்கும். வண்டியைக் கிளப்பி மெல்ல இறங்க ஆரம்பித்தேன். வீட்டுக் கதவு திறந்தது. லூபோ வந்தான்! கையில் செம்புக் குடுவை இல்லை. பெரிய செம்புக் குடம், கல்யாணத்துக்கு என் மாமியார் கொடுத்தது. ஜெரேனியம் கொத்துக்கொத்தாக மிதந்தது. ஓட்டமாக எனக்கு முன்னால் வந்து, சரிவில், சக்கரத்துக்கு நேரே, குடத்தோடு கவிழ்த்தான். "தண்ணி ஓடற மாதிரி..."

அவன் முடிக்கவில்லை. நான் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன். வேறு எதையும் பார்க்கவில்லை. அந்தத் தண்ணீருக்கு நான் எத்தனை நாள் காத்திருந்தேன்! அதையே பார்த்தேன், முன் பிரேக்கைப் பிடித்தேன், சக்கரம் சோப்பை மிதித்த மாதிரி போய்விட்டது. கையை ஊன்றினேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

காரில் ஆஸ்பத்திரி. அன்று அவனுக்கு வேலை நாள் இல்லை. டியூட்டியில் இருந்த பெண் என் கையைப் பலகைமேல் வைக்கப்போனாள். "தள்ளு, நான் எடுக்கறேன்" என்றான். என் மணிக்கட்டைத் திருப்பிவைத்தான், ஒரு பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோல். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போனான். "மூச்சு விடாதே" என்றான். மணிக்கட்டுக்கு யாரும் மூச்சை அடக்கச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பெண் அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

படத்தை அவன் எனக்குக் காட்டவில்லை. தான் மட்டும் வெகுநேரம் பார்த்தான்.

ஜூலை 16, திங்கள்

பேச்சே இல்லை. என் தலையை அவன்தான் வாருகிறான். தட்டில் இருப்பதை நறுக்கிவைக்கிறான். பேச்சு மட்டும் இல்லை.

ஜூலை 21, சனி

கேட்கக்கூடாததைக் கேட்டேன். இரண்டு வாரமாக மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு ஆள் வாசலில் ஒரு கை தண்ணீர் ஊற்றுவான். ஒரு குடத்தைச் சக்கரத்துக்கு முன்னால் கவிழ்ப்பானா?

"வேணும்னேதானே ஊத்துன? நான் போகக்கூடாதுன்னுதானே?"

லூபோ என்னைப் பார்த்த பார்வை! அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். வெளியே போனான். சாப்பாட்டுக்கும் வரவில்லை.

நானா இதைச் சொன்னேன்? சொன்னேன். நம்புகிறேனா? காலையில் நம்பினேன். இப்போது இல்லை. இல்லையென்றால் ஏன் இன்னும் அரிக்கிறது?

ஜூலை 23, திங்கள்

காலையில் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"மே மாசத்துலேருந்து பதினொரு தடவ போயிருக்க. பதினொரு தடவயும் நான் ஊத்தல. ஜன்னல்கிட்ட நின்னு, கையில செம்ப வெச்சுக்கிட்டு, ஊத்தல. ஊத்துனா நானே போன்னு சொன்ன மாதிரி ஆயிடும்னு தோணுச்சு. ஊத்தலன்னா எதாவது ஆயிடுமோன்னும் தோணுச்சு. ஷிப்காவுக்குப் போறேன்ன உடனே தாங்கல. எல்லாத்துக்கும் சேத்து ஊத்தலாம்னு..."

பாக்கி பதினொன்றையும் ஒரே குடத்தில் தீர்க்கப் பார்த்திருக்கிறான், இந்த முட்டாள்! சரிவில், பலகைக் கல்லில்!

சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. "நான்தான் ஒடச்சேன்" என்றான். இல்லை, நான்தான் தண்ணீரைப் பார்த்தேன், தாண்டிப் பார்த்திருக்க வேண்டும் என்றேன். கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

சாயங்காலம் ஆனால் முற்றத்தில் டொக் டொக். உளியும் சுத்தியலுமாகக் குந்தியிருக்கிறான். என்ன செய்கிறாய் என்றால் "பாசி" என்கிறான். பாசியை உளி வைத்தா எடுப்பார்கள்? என் முகத்தைப் பார்க்காமல் இருக்க ஒரு வேலை வேண்டும், அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 20, திங்கள்

மாவுக்கட்டைப் பிரித்தார்கள். என் கையா இது? யாரோ கிழவியின் கையை ஒட்டிவைத்த மாதிரி இருக்கிறது.

செப்டம்பர் 1, சனி

குளிர்காலத்துக்குக் குடைமிளகாய் சுட்டு அடைக்கும் நாள். தெருவே சுட்ட மிளகாய் வாசனை. ஸ்தாங்கா முற்றத்திலும் எங்கள் முற்றத்திலும் அடுப்பு. எனக்குக் கையில் இன்னும் பிடி வரவில்லை, லூபோதான் சுட்டுச் சுட்டுத் தோலை உரித்தான். நான் ஜாடிகளில் அடுக்கினேன். பச்சை வண்டி தார்ப்பாய்க்குள் மூலையில். பிரேக் கைப்பிடி வளைந்தது வளைந்தபடி.

நிம்மதியாகத்தான் இருந்தது. இதற்காக ஒரு மனுஷனை ஏன் இப்படி வதைக்க வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். "லூபோ, வண்டிய வித்துடறேன்."

கை நின்றது. மிளகாய் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷப்படுவான் என்று பார்த்தேன்.

"உன் இஷ்டம்" என்றான்.

ஐயோ, இந்த வார்த்தையை யார் கண்டுபிடித்தார்களோ!

செப்டம்பர் 13, வியாழன்

லூபோ கடைக்கு வந்தான். எங்கள் கடைக்கு அவன் வந்து இரண்டு வருஷம் இருக்கும். வாடிக்கையாளர்போல நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தான்.

"காதுக்குப் பின்னாடி வளையுதே, இத நேராக்க முடியுமா? நேரா, குச்சி மாதிரி."

"நேராக்குனா குனிஞ்சா விழுந்துடும்."

"விழாது."

"எதுக்கு?"

"படுத்துக்கிட்டுப் படிக்க. குத்துது."

இவன் எப்போது படுத்துக்கொண்டு படித்தான்? படுத்தால் தூங்குவான். சூட்டுக் காற்றில் காட்டி இரண்டு பக்கக் கம்பியையும் நிமிர்த்திக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, இரண்டு உள்ளங்கையாலும் கன்னத்தை அழுத்திப் பார்த்தான். கடைப் பெண்கள் சிரித்தார்கள். ஐம்பது வயதில் ஆண்களுக்கு என்னவெல்லாமோ வரும் என்கிறார்கள். அதுவாக இருக்கும்.

செப்டம்பர் 19, புதன்

ஒருவர் போன் செய்தார், செவ்லியெவோவிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி பார்க்க வருகிறார். சரி என்றேன். போனை வைத்ததும் போய்த் தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். பிரேக் கைப்பிடி புதுசு. நான் மாற்றவில்லை.

விற்கிற வண்டிக்கு ஒழுங்காக இருக்கட்டும் என்று மாற்றியிருப்பான். அப்படித்தான் இருக்கும். வேறென்ன?

கொடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு முறை ஷிப்கா போய்வந்துவிடுகிறேன், சனிக்கிழமை என்று அவனிடம் சொன்னேன். இந்தமுறை "உன் இஷ்டம்" கூடச் சொல்லவில்லை. "காலைலயா?" என்றான். ஆமாம் என்றேன். அவ்வளவுதான்.

செப்டம்பர் 22, சனி

காலை எட்டு மணி. ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தால், முற்றத்தில் ஸ்தாங்கா! சிகரெட் இல்லாமல். தலை வாரிக்கொண்டு. கையில் எங்கள் வீட்டுச் செம்புக் குடுவை, அதில் ஜெரேனியம்.

"நீ எதுக்கு இங்க?"

"உன் புருஷன்தான் கூப்ட்டான். இன்னிக்கி நீதான் ஊத்தணும்னான்."

அப்படியென்றால் அவன் ஊற்ற மாட்டான். இனி எப்போதும் ஊற்ற மாட்டான். கடைசி நாளுக்குக்கூட ஆள் வைத்து ஊற்றுகிறான்.

"முறையில்லன்னு நீதானே சொன்ன? வீட்டுல தங்கறவங்கதான் ஊத்தணும்னு?"

"முறைதான்டி. உன் வீட்டுலதான் இன்னிக்கு யாரும் தங்கலையே."

எனக்குப் புரியவில்லை. சத்தியமாகப் புரியவில்லை. பின்னால் சாவி திரும்பும் சத்தம் கேட்டது, ஒரு முறை, இரண்டு முறை. பகலில் நாங்கள் கதவைப் பூட்டுவதே இல்லை. திரும்பினேன். லூபோ. அவனுடைய பழைய தோல் ஜாக்கெட், பொத்தான் வயிற்றில் எட்டவில்லை. கையில் கறுப்பு ஹெல்மெட், விலைச்சீட்டு இன்னும் தொங்கியது. அதைத் தலையில் கவிழ்த்தான். அப்புறம் கண்ணாடியை எடுத்து இரண்டு பக்கமும் செருகினான். குச்சி மாதிரி நேராக உள்ளே போயிற்று.

"என்ன பாக்கற? கெளம்பு" என்றான். முகம் சுண்ணாம்பாக இருந்தது. "ஸ்தாங்கா, இப்ப ஊத்தாத! நாங்க வெளிய போனப்புறம் பின்னாடி ஊத்து."

"எனக்குச் சொல்லித்தர வந்துட்டான், கல்லுக்குக் குடம் கவுத்தவன்!" என்றாள் ஸ்தாங்கா.

அப்போதுதான் கீழே பார்த்தேன். பந்தலிலிருந்து வாயில்வரை ஒவ்வொரு பலகைக் கல்லிலும் குறுக்கே கோடுகள் கொத்தியிருந்தன, விரல் அகலத்துக்கு ஒன்று. அத்தனை சாயங்காலம். பாசியாம்.

பின்னால் ஏறினான். வண்டி ஒரு சாண் இறங்கியது. என் ஜாக்கெட்டை அவன் பிடித்த பிடியில் எனக்கு மூச்சு முட்டியது. வாயிலைப் பார்த்தேன், வாயிலைத் தாண்டித் தெருவைப் பார்த்தேன், இறங்கினேன். பின்னால் சளப்பென்று தண்ணீர் விழும் சத்தமும் ஸ்தாங்காவின் குரலும் கேட்டன. திரும்பிப் பார்க்கவில்லை.

கணவாய் உச்சியில் எருமைத் தயிர் வாங்கிச் சாப்பிட்டோம்.

"எறங்கறப்ப மெதுவாப் போ."

"மெதுவாத்தானே வந்தேன்?"

"எனக்கென்ன தெரியும். கடைசி வளைவுலதான் கண்ணத் தொறந்தேன்."

"ஏன் லூபோ? பயந்துக்கிட்டு எதுக்கு வந்த?"

தயிரை வழித்து வாயில் போட்டுக்கொண்டு யோசித்தான். "தெரியல" என்றான். அப்புறம், "ஜன்னல்கிட்ட நின்னா இதவிடப் பயமா இருக்கு" என்றான்.

கசன்லக் வரை போய், ஒரு காப்பி குடித்து, திரும்பி வந்துவிட்டோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக யோவாவுக்கு போன் செய்தான். "வந்துட்டோம்" என்றான், வைத்துவிட்டான்.

செவ்லியெவோ ஆள் நாளை காலை வருவது அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவருக்கு என்ன சொல்வது என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு வீட்டுல யாரும் இருக்க மாட்டோம்னு சொல்லு."